மற்றவை

நகரம் என்று ஒரு பட்டப்படிப்பு இருப்பதை
அம்மாவுக்குப் புரியவைக்க
ஒரு முழு ஆகஸ்ட் போயிற்று.
"முடித்தால் கட்டுவாயா?"
இல்லை.
"இடிப்பாயா?"
இல்லைம்மா.
"அப்புறம்?"
எண்ணுவேன் என்றேன்,
வேறு சொல் வாய்க்கு வராமல்.

எண்ணத்தான் வைத்தார்கள்.
அக்டோபர், செவ்வாய்க்கிழமை, காலை ஏழு.
திபிலீசியின் வடக்கு ஓரம், சுரங்க நடைபாதையின் வாய்.
மடக்கு நாற்காலி, பரீட்சை அட்டை,
சொடுக்கினால் ஓர் எண் கூடும் கருவி.
தாளில் நான்கு கட்டங்கள்:
ஆண், பெண், குழந்தை, மற்றவை.
மற்றவை என்றால் என்ன என்று கேட்டான் லேவான்.
குறிப்பேட்டைப் புரட்டினோம்.
"களத்தில் முடிவு செய்க."

காதில் மஞ்சள் வில்லை தைத்த தெருநாய்
நான்கு தரம் போய் வந்தது,
ஒவ்வொரு தரமும் யாரோ ஒருவரைக் கொண்டுவிடுகிற தோரணையில்.
மற்றவை, நான்கு.
இரண்டு பேர் ஒரு குளிர்சாதனப் பெட்டியைச் சுமந்து வந்தார்கள்.
ஆண் இரண்டு. பெட்டிக்கு?
தோளில் தூங்கும் குழந்தை கடந்ததாகுமா,
பாதம் தரையில் பட வேண்டாமா என்று
நானும் லேவானும் சண்டை போட்ட நேரத்தில்
எண்ணாமல் நழுவியவர்கள் ஒரு முப்பது பேர் இருப்பார்கள்.

சாக்ஸ் விற்கும் மாக்வாலா
எரியாத குழல்விளக்கின் கீழ்க் கடை விரித்தபடி
"என்னை எதில் போட்டாய்?" என்றாள்.
நீங்கள் கடக்கவில்லையே.
"ஆமாம்" என்றாள், "பதினாறு வருஷமாக."

படிகள்: முப்பத்தேழு. நிலை: நன்று.
அதையும் நான்தான் நிரப்பினேன்,
மூன்று மூன்றாகத் தாவி இறங்கிய
பத்தொன்பது வயதுக் கால்களோடு.

மூன்று மணிக்குக் காற்று வாங்க மேலே ஏறினேன்.
ஆறு தடச் சாலை. நடுவில் இரும்புக் கிராதி.
அதில் ஒரு கம்பியை மட்டும்
எந்த இரவிலோ யாரோ அறுத்து எடுத்திருந்தார்கள்.
கோட்டுகள் உரசி உரசி
இரண்டு பக்கத்துக் கம்பியும் வெள்ளியாய் மின்னியது.
அந்த ஓர் ஆள் அகலத்துக்குள்
வந்துகொண்டே இருந்தார்கள்.
என் தாளில் இல்லாத ஒரு நகரம்,
செல்லோ பெட்டியோடு ஒருவன்,
ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் வெள்ளை உடுப்பில் இருவர்,
பிறகு,
பீட்ரூட் பையை மார்போடு அணைத்து,
லாரிக்கு முன்னால் உள்ளங்கையை உயர்த்தி
அதை நிற்கச் சொல்லிவிட்டு
நொண்டி ஓடி வந்த
அம்மா.

முட்டி சரியாகிவிட்டது என்று
போன மாதம்தான் சொல்லியிருந்தாள்.

என்னைப் பார்க்கவில்லை.
கட்டைவிரல் கருவியின் மேலேயே இருந்தது.
அழுத்தினேனா என்று இப்போதும் தெரியவில்லை.
மாலைக் கூட்டல் என் கணக்கிலும் லேவான் கணக்கிலும்
ஒன்று இடித்தது. அவன் அழித்துத் திருத்தினான்.

எங்கள் கட்டடத்தின் லிஃப்ட் காசு போட்டால்தான் ஏறும்.
இரவு இரண்டு பேருமாய்ச் சில்லறை துழாவினோம்.
"இன்றைக்கு எத்தனை பேர்?"
கீழ் வழியாக, இரண்டாயிரத்து முந்நூற்றுப் பத்து.
"அம்மாடி" என்றாள், "ஊரில் அவ்வளவு நல்ல முட்டிகளா!"
ஒன்பதாம் மாடி வரை
இடது காலில் மட்டும் நின்று வந்தாள்.
நான் பொத்தான்களின் எண்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அறிக்கைக்கு மூன்று மதிப்பெண் குறைத்தார்கள்.
படிகளின் நிலை என்ற இடத்தில்
நன்று என்பதை அடித்துவிட்டு
"இறங்காதவர்களைக் கேட்கவும்"
என்று பேனாவால் எழுதியிருந்தேன்.
ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி,
அதற்குக் கீழே:
எங்கே நின்று கேட்பாய்?